செர்ரி மரத்துக்கு ஒரு கம்பளிப் போர்வை

என் மகளுக்குச் செர்ரிப் பழம் என்றால் உயிர். சின்ன வயதில் ஒவ்வொரு டிசம்பரும் மலைகளைத் தாண்டி நான்கு மணி நேரம் கார் ஓட்டி, பழம் பறிக்க விடும் தோட்டங்களுக்கு அவளைக் கூட்டிப் போவேன். வாளிக்குள் போனதைவிட வாய்க்குள் போனதுதான் அதிகம். படித்து முடித்து மெல்பேர்னில் வேலை கிடைத்துப் போனாள். முதல் டிசம்பருக்குப் பத்து நாள் வந்து நின்றாள். அடுத்த டிசம்பருக்கு மூன்று நாள். அதற்கடுத்த முறை லீவு கிடைக்கவில்லை என்றாள். அப்போதுதான் எனக்கு ஞானோதயம் பிறந்தது. சிட்னியில், எங்கள் குவேக்கர்ஸ் ஹில் வீட்டின் பின்வளவில் ஒரு செர்ரி மரம் வைத்தால், பழம் பழுக்கிற டிசம்பரில் பிள்ளை வராமலா இருப்பாள்?

மனைவிக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை.

"பிள்ளையைக் கூப்பிடுறதெண்டால் போன் எடுத்துக் கூப்பிடுங்கோ. மரத்தை ஏன் தூது விடுறியள்?" என்றாள்.

கூப்பிட்டு, மகள் ஏலாது என்று சொல்லிவிட்டால் அதைத் தாங்குகிற நெஞ்சு எனக்கில்லை. மரமென்றால் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லாது.

இங்கே குளிர்காலமான ஜூலை மாதம் நர்சரிக்குப் போனேன். அங்கிருந்த வெள்ளைக்காரர் ஒரு அட்டவணையை நீட்டினார். பெரும்பாலான செர்ரி காய்ப்பதற்குத் துணைக்கு இன்னொரு மரம் வேண்டுமாம். எல்லாம் எல்லாவற்றோடும் சேராதாம், பொருத்தம் பார்த்துத்தான் வாங்க வேண்டுமாம். எங்கள் ஆட்களுக்குப் பொருத்தம் பார்க்கக் கற்றுத்தர வந்துவிட்டார் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். எங்கள் வளவில் ஒரு மரத்துக்குத்தான் இடம். ஆகவே தனித்து நின்று காய்க்கும், சிட்னியின் குறைந்த குளிரே போதும் என்று எழுதியிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு இலை இல்லை, வேரில் மண் இல்லை, கூட்டுகிற தும்புத்தடி மாதிரி இருந்தது. அவர் குளிரைப் பற்றி இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். வேர் காய்ந்துவிடுமே என்ற அவசரத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இங்கே எங்கள் ஆட்களின் வீடுகளில் பிள்ளைகளுக்கு அடுத்த செல்லம் கறிவேப்பிலைக்குத்தான். நல்ல வெயில் விழும் வடக்குச் சுவரடியில் அதை வைப்பதும், குளிர்காலம் வந்ததும் பழைய பெட்ஷீட்டால் போர்த்துவதும் யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமல்ல. செர்ரியையும் அதே சுவரடியில் நட்டேன். மகளுக்காக வந்த மரத்துக்கு வெறும் பெட்ஷீட் போதுமா? நல்ல கம்பளிப் போர்வை ஒன்றை எடுத்துச் சுற்றி, கயிற்றால் கட்டினேன். சமைத்தபடி குசினி யன்னலால் பார்த்த மனைவி, தனக்குக் காய்ச்சல் வந்தபோது இந்த அக்கறையைக் காணவில்லையே என்றாள்.

நான்கு குளிர்காலம் இப்படிப் போர்த்தினேன். மரம் நன்றாக வளர்ந்தது, இலையும் விட்டது. ஒரு பூக்கூடப் பூக்கவில்லை. மகள் வருவதும் மூன்று நாள், இரண்டு நாள் என்று சுருங்கிக்கொண்டே போனது.

கடைசியில் போனில் மரத்தின் படத்தை எடுத்துக்கொண்டு அதே நர்சரிக்குப் போனேன். குறை சொல்லி நாலு வார்த்தை கேட்பதாகத்தான் உத்தேசம். மனிதர் போர்வையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குளிரில் கிடந்து உறங்கினால்தான் செர்ரி பூக்கும், இங்கே கிடைக்கிற கொஞ்சக் குளிரையும் நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு வெட்கமாகிவிட்டது. வீடு வரும் வரை என் மேல் கோபம். வீட்டு வாசலில் அது எப்படியோ அவர் மேல் கோபமாக மாறிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் மகளே போன் எடுத்துக் கூப்பிட்டாள். மெல்பேர்னில் வீடு வாங்கியிருக்கிறாளாம், பின்னால் கொஞ்சம் நிலமும் இருக்கிறதாம். அங்கே ஒரு செர்ரி மரம் வைக்க ஆசை. எந்த மரத்தை வாங்குவது என்று என்னிடம் கேட்டாள். அவளைப் பொறுத்தவரை நான்தான் அதில் நிபுணன்.

அவள் மரம் காய்க்காதபடி எதையாவது பிழையாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், மறைப்பானேன். ஆனால் வாய் சரியானதைத்தான் சொன்னது. மெல்பேர்ன் குளிருக்கு எந்தச் செர்ரியும் வரும், இடமிருந்தால் பொருந்துகிற இரண்டாக வை, மறைப்பில்லாத இடத்தில் வை, ஒன்றாலும் மூடாதே என்றேன்.

"பழம் வர எத்தினை வருசம் அப்பா?"

"நாலு வருசமெண்டாலும் செல்லும் பிள்ளை."

அவ்வளவு காலம் என்றதும் மனதை மாற்றிக்கொள்வாள் என்று ஒரு நப்பாசை.

"பரவாயில்லையப்பா, நான் இங்கதானே இருக்கப்போறன்" என்றாள்.

மனைவி சமையலை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். நான் மகளிடம் குழியை நல்ல அகலமாக வெட்டச் சொன்னேன். வேர் ஓட இடம் வேண்டும்.