அம்மா சொல்லாத வாக்கியம்

மலேசியாவின் ஈப்போவில் சின்னதாக ஒரு விளம்பரக் கடை வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகை, பாக்கெட் லேபல், முகநூல் விளம்பரம் என்று எது கேட்டாலும் வரைந்து தருவேன். ஆனால் முதலில் ஒரு தாளை நீட்டுவேன். படம் யாருக்குச் சொந்தம், எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று அதில் எழுதியிருக்கும். கையெழுத்து விழாமல் பென்சிலைத் தொடமாட்டேன். "ரொம்ப கறாரு லா இவரு" என்று பேர் எடுத்தவன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்த கதை என்னுடையது.

செமோர் பக்கம் ஒரே எஸ்டேட்டில், ஒரே லய வீட்டு வரிசையில் என்னோடு வளர்ந்த நண்பன் மசாலாப் பொடி வியாபாரம் தொடங்கினான். பாக்கெட்டில் போட என் அம்மாவின் முகம் வேண்டும் என்றான். அவள் வைத்த மீன்குழம்பைத் தின்று வளர்ந்தவன். நான் தாளை எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்ததுமே அவன் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன மச்சான், என்கிட்டயும் பேப்பரா? அவங்க எனக்கும் அம்மாதான் லா."

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தான். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், அம்மாவுக்கு ஒரு சேலை. அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்கள் ஆட்களிடம் வெற்றிலை பாக்கு கைமாறினால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் தாள் கேட்பவன் மனிதனே இல்லை. நானும் கேட்கவில்லை.

அம்மாவை ஜன்னலோரம் உட்காரவைத்து வரைந்தேன். ஓட்டைப் பல் தெரியச் சிரித்துவிட்டு, "பல்ல மட்டும் போட்றாதப்பா" என்றாள். போட்டேன். படத்தில் அம்மா இருந்ததே அந்தச் சிரிப்பில்தான்.

சில வருடங்களில் அவன் வியாபாரத்தைக் கமுந்திங்கில் ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டான். முகமும் சேர்ந்து போயிற்று. சண்டை போட எனக்கு நேரமில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை முற்றி, கால் புண்ணாகி, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்க்க வந்த ஒரு பெண் பையிலிருந்து பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டினாள். அந்தக் கம்பெனியின் வெந்தயப் பொடி. அதில் அம்மாவின் முகம். முகத்துக்குப் பக்கத்தில், "என் சர்க்கரையைக் குணமாக்கியது இதுதான்!"

"அக்கா, இது நீங்கதானே? நெசமாவே கொறஞ்சிச்சா?"

அம்மா போர்வையை இழுத்து, இல்லாத காலை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் போனபின் அழுதாள்.

"நான் சொன்னேன்னு நம்பி யாராச்சும் மருந்த விட்டுட்டா என்னப்பா பண்றது? என் மொகத்த எடுக்கச் சொல்லு. முடியாதுன்னா, மாத்திரைய விட்றாதீங்கன்னாச்சும் போடச் சொல்லு."

தெரிந்த ஒரு பெண் வக்கீலிடம் ஓடினேன். என் வயதில் பாதிதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டார்.

"வேற மாதிரி எழுதி வச்சுக்கலன்னா, ஆர்டர் குடுத்தவருக்குத்தாண்ணே படம் சொந்தம். அவரு வித்துட்டாரு. மொகத்த மீட்கிறது கஷ்டம். ஆனா நோய் கொணமாகும்னு பொடிக்கு விளம்பரம் போட முடியாது. அதுக்குப் புகார் குடுக்கலாம்."

நான் தினமும் மற்றவர்களுக்குச் சொல்கிற பாடத்தின் முதல் பாதியை எனக்கே திருப்பிச் சொன்னார். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. சுகாதார அமைச்சுக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். நண்பனைக் கூப்பிட்டேன். போனில் அழுதான். அழுது என்ன செய்ய?

பதில் வருவதற்குள் அம்மா போய்விட்டாள். கருமகிரியை முடிந்த பிறகுதான் கடிதம் வந்தது. வாசகத்தை நீக்குகிறார்களாம், கடைகளில் இருப்பதைத் திரும்ப எடுக்கிறார்களாம். முகத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

போன வாரம் ஆயர் தாவாரில் ஒரு பலகை மாட்டப் போனேன். அங்கே ஒரு மளிகைக் கடையில் பழைய பாக்கெட்டுகள் சரமாகத் தொங்கின. எல்லாவற்றையும் கழற்றி மேசையில் வைத்தேன்.

"வீட்ல யாருக்கும் சக்கரையாண்ணே?" என்றார் கடைக்கார அக்கா. "நானும் இதான் குடிக்கிறேன். மாத்திரைய விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. இந்தம்மா சிரிக்கிறதப் பாருங்க, பொய் சொல்ற மொகமா இது?"

அந்தச் சிரிப்பின் மேல் விரல் வைத்தேன்.

"இது எங்கம்மாக்கா. சக்கரையிலதான் கால எடுத்தாங்க. இப்ப இல்ல. இதுல போட்டிருக்கிறத அவங்க சொல்லல."

அவர் பாக்கெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பின்ன என்னதான் சொன்னாங்க?"

"மாத்திரைய விட்றாதீங்கன்னு சொன்னாங்க."