தங்கைக்கு மட்டும் கேட்ட வசனம்

கண்ணாடி பார்க்காமலேயே கண்ணுக்கு மை எழுதிக்கொள்கிறார் அந்தப் பழைய நடிகை. கோடு துளியும் பிசகவில்லை. "நாடகக் கொட்டகையில ஒரே ஒரு கண்ணாடி. அதுக்குப் பத்துப் பேர் அடிச்சுக்குவாங்க. நான் சுவத்தைப் பாத்தே எழுதப் பழகிட்டேன்" என்கிறார். எண்பதை நெருங்கும் இந்த வயதிலும் மை எழுதாமல் பால்காரருக்குக் கூடக் கதவு திறப்பதில்லை.

பெண் வேஷத்துக்கு ஆண்களே போதும் என்றிருந்த காலத்தில் மேடையேறியவர். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும் குரல். ஆனால் அவருக்குப் பேர் வாங்கித் தந்தவை, அந்தக் குரலுக்கு வேலையே இல்லாத ஊமைப் படங்கள்தான். அதற்குத் தங்கைதான் காரணம் என்கிறார். குழந்தையில் வந்த காய்ச்சலில் தங்கைக்குக் காது போய்விட்டது. அக்காவும் தங்கையும் முகத்தாலும் கையாலும் பேசியே வளர்ந்தார்கள். "கேமரா முன்னால நான் புதுசா ஒண்ணும் பண்ணல. வீட்டுல பேசுறதைத்தான் அங்கேயும் பேசினேன்."

தங்கை உதட்டசைவைப் படித்துவிடுவார். ஒருமுறை காதல் காட்சியைப் பார்த்து அரங்கமே உருகிக்கொண்டிருக்க, அவர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். திரையில் அக்கா கதாநாயகனின் தோளில் சாய்ந்து, "காலை மிதிக்காதய்யா, எருமை" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு படங்கள் பேச ஆரம்பித்தன. இவருடைய முதல் பேசும் படம் நன்றாக ஓடியது. தங்கையை அழைத்துப் போனார். ஊமைப் படத்தில் இடையிடையே வரும் வசன எழுத்துகள் இப்போது இல்லை. இவர் பாடும்போது மரத்தையும் மேகத்தையும் காட்டினார்கள். தங்கை பாதியில் இவர் கையைத் தட்டி, சைகையில் கேட்டார்: "இப்ப நீ யாரோட பேசுற?"

அடுத்த படத்துக்குப் பேச முதலாளியே நேரில் வந்தார். இவர் முடியாது என்றார்.

"வீடு தேடி வந்த யோகத்தை எட்டி உதைக்கிறியேம்மா."

"உதைக்கலீங்க. ஓரமா நகத்தி வைக்கிறேன்."

நாடகத்துக்கே திரும்பினார். உடம்பு இடம் கொடுத்தவரை நடித்தார். எந்த ஊர்க் கொட்டகையானாலும் முன்வரிசையில், இவர் உதட்டைப் படித்தபடி தங்கை இருப்பார்.

வருத்தமே இல்லையா என்று கேட்டேன். "இல்லாம இருக்குமா? அந்த மைக் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. கொஞ்ச நாள் யாரோடயும் சரியாப் பேசல."

"உங்களை மாதிரி கண்ணால பேச இன்னொருத்தி வரலைன்னு எங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பார்" என்றேன்.

அவர் இரண்டு விரலால் என் மோவாயைப் பிடித்து, கட்டிலில் உட்கார்ந்திருந்த தங்கையின் பக்கம் என் முகத்தைத் திருப்பினார். "இப்பச் சொல்லுங்க."