சத்தம் போடும் பிஸ்டலும் சொன்னபடி சுடும் பிஸ்டலும்

விலை குறைந்த ஏர் பிஸ்டல் வாங்க வருகிற மனிதர், அதைச் சுட்டுப் பார்ப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்ப்பார். கண்ணாடி முன்னால் நீட்டிப் பார்ப்பார். விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்ப்பார். ஒருத்தர் மோந்துகூடப் பார்த்தார். கடைசியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இதைவிட நல்லதாக இருந்தால் காட்டு என்பார். எது நல்லது என்று சொல்லத்தான் அந்தக் கடையில் எனக்குச் சம்பளம். யாராவது கேட்டால்தானே!

எண்பதுகளின் கடைசியிலிருந்து ஏழெட்டு வருஷம் அம்பத்தூரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் நின்றேன். கேரம் போர்டு, ஷட்டில் காக், கிரிக்கெட் மட்டை எல்லாம் முன்னால். மூலையில் ஒரு கண்ணாடி அலமாரியில் ஏர் பிஸ்டல்கள். உள்ளே ஒரு ஸ்பிரிங், அது தள்ளுகிற காற்றில் சின்ன ஈயக் குண்டு பறக்கும். பத்து மீட்டரில் மாட்டிய அட்டையில் குறி பார்த்துச் சுடுகிற விளையாட்டுக்கானது. காலேஜ் என்.சி.சி.யில் ரைபிள் சுட்டுப் பரிசு வாங்கியவள் என்பதால் முதலாளி என்னை அந்த அலமாரிக்குப் பொறுப்பாக்கினார்.

கடைக்குப் பின்னால் ஒரு நீளச் சந்து. வந்து இறங்குகிற ஒவ்வொரு பிஸ்டலிலும் அங்கே ஐந்து குண்டு சுடுவேன். ஐந்து ஓட்டையும் ஓர் எட்டணாக் காசுக்குள் அடங்கினால் அது பிஸ்டல். அட்டை முழுக்கப் பொரி இறைத்த மாதிரி இருந்தால் அது பொம்மை. இவ்வளவுதான் வித்தை. சாயம், பளபளப்பு, வெல்வெட் வைத்த பெட்டி எதற்கும் இதில் ஓட்டு கிடையாது.

கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நின்றவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். மற்றதை எல்லாம் சிரித்துத் தள்ளியிருப்பேன். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஸ்டெல்லா என்ற பெண்ணின் விஷயத்தைத்தான் தள்ள முடியவில்லை. அவளுக்கு ஒரு காலேஜ் சீட்டே பிஸ்டலை நம்பி இருந்தது. அதற்கு முன்னால் எங்கள் கடை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

கனமே தரம்

பாடியிலிருந்து ஒரு பழைய இரும்பு வியாபாரி வந்தார். புதிதாகத் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்திருந்தார். இரண்டு பிஸ்டலைக் கேட்டு வாங்கி, கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு, கண்ணை மூடித் தராசு மாதிரி நின்றார். கனமானது மொக்கை. அதன் குழலை மடக்கித்தான் குண்டு போட வேண்டும். மடக்குகிற இடத்தில் ஆட்டம். ஒவ்வொரு தடவை மூடும்போதும் குழல் ஒவ்வோர் இடத்தில் போய் உட்காரும். காதருகே வைத்து ஆட்டிக் காட்டினேன், கடகடவென்றது. இரண்டும் சுட்ட அட்டைகளையும் எடுத்துக் கண்ணெதிரே வைத்தேன்.

பொறுமையாகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கனமானதையே பெட்டியில் போடச் சொன்னார். ஏன் சார் என்று கேட்டதற்கு என் மேல் பரிதாபப்பட்டார். "இன்னாமா, வெவரம் தெரியாத பொண்ணா கீறே! நாளைக்கு இது ஒடஞ்சி பூட்டா எடைக்குப் போடும்போது எதுமா நல்ல துட்டு குடுக்கும்?"

ஜென்ட்ஸ் யாரும் இல்லையா

முகப்பேரிலிருந்து வந்த ஓர் ஆபீஸருக்கு நான் கால் மணி நேரம் தொண்டை வறள விளக்கினேன். எது நேராகச் சுடும், எதில் பார்வைக் குறி தளர்ந்திருக்கிறது, எதன் பிடி கைக்குள் உட்காரும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஜென்ட்ஸ் யாரும் இல்லையா?" என்றார்.

முதலாளி உள்ளே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர், வாயோரமாக என்னிடம் "எதும்மா?" என்றார். நான் "இடது பக்கம்" என்றேன். அந்த ஆபீஸரின் மூக்குக்கு நேராகத்தான் இது நடந்தது. முதலாளி தொண்டையைக் கனைத்து, "லெஃப்ட்ல இருக்கறத எட்துக்கோங்க சார்" என்றார். ஆபீஸர் முகம் மலர்ந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது எனக்கு ஒரு புத்திமதியும் சொன்னார். "பாத்தீங்களாம்மா? விஷயம் தெரிஞ்சவர் ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு."

ஒரு சொட்டு எண்ணெய்

இது முதலாளியின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். விற்காத பிஸ்டலின் உள்ளே தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவார். சுட்டதும் அந்த எண்ணெய் சூட்டில் பற்றி டமார் என்று வெடிக்கும், குழல் வாயில் லேசாகப் புகை வரும். அது வெறும் எண்ணெய் எரிகிற சத்தம். நாலு தடவை இப்படிச் செய்தால் உள்ளே இருக்கிற வாஷர் கருகிவிடும், குண்டும் போன இடம் தெரியாது. நல்ல ஏர் பிஸ்டல் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு அடங்கிவிடும். அதை யார் வாங்குவார்கள்?

பூந்தமல்லிக்காரர் ஒருத்தர் அந்த டமாரில் சொக்கிப்போய் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. முதலாளி முறைக்க முறைக்க, எண்ணெய் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். பக்கத்திலிருந்த இன்னொன்றைச் சத்தமில்லாமல் சுட்டு, ஓட்டை நடுவில் விழுந்ததைக் காட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சத்தமே இல்லாம சுட்டா, நான்தான் சுட்டேன்னு பக்கத்து ஊட்டுக்காரனுக்கு எப்டிம்மா தெரியும்?"

அழுமூஞ்சி

ஸ்டெல்லா தன் அப்பா ஆரோக்கியசாமியோடு வந்தாள். அவர் ஆவடியில் டிஃபென்ஸ் ஃபேக்டரித் தொழிலாளி, ஊர் திருநெல்வேலிப் பக்கம். பெண் ப்ளஸ் டூ. கிளப்பில் இருந்த ஒரே பிஸ்டலுக்கு வரிசையில் நின்று சுட்டே நன்றாக வந்திருந்தாள். வருஷக் கடைசியில் ஜூனியர் மாநில அணிக்குத் தேர்வுப் போட்டி. அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் தருவதாக ஒரு காலேஜில் சொல்லியிருந்தார்கள். கிடைக்காவிட்டால் படிப்பு அத்தோடு சரி, அவளுக்குக் கீழே இன்னும் மூன்று பேர். அப்பா அதை என் காதுபடவே சொன்னார்.

அந்தப் பெண் ஒருத்திதான் கடையில் முதல் கேள்வியாக, "அக்கா, சுட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டவள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இரண்டு பேருமாகச் சந்தில் நின்று அலமாரியையே காலி செய்து சுட்டோம். கடைசியில் நின்றது ஒரே ஒரு பிஸ்டல். சாயம் திட்டுத்திட்டாக, வார்ப்பின் பிசிறு தெரிய, பார்க்கச் சகிக்காது. ஆனால் அவள் சுட்ட ஐந்து ஓட்டையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தது. ஆரோக்கியசாமி அட்டையைப் பார்த்தார், பிஸ்டலைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "மூஞ்சியப் பாத்தா அழுமூஞ்சியால்லா இருக்கு! ஆனா சொன்ன பேச்சு கேக்குதுல்லா, இதுவே இருக்கட்டும்."

தாய்மாமன் செய்த சீர்

மூன்று மாதம் அந்த அழுமூஞ்சியோடு ஸ்டெல்லா பழகினாள். வழுக்காமல் இருக்கப் பிடியில் உப்புத்தாள் ஒட்டிக்கொண்டாள். நடுவில் நான் ஒரு வாரம் லீவில் போனேன். சனிக்கிழமை கடைக்குத் திரும்பினால், அலமாரியில் உப்புத்தாள் ஒட்டிய பிஸ்டல் உட்கார்ந்திருக்கிறது! மறுநாள் அவளுக்குப் போட்டி.

நடந்தது இதுதான். ஸ்டெல்லாவின் தாய்மாமன் வேப்பம்பட்டில் மனை விற்கிறவர். பெரிய இடத்துக்கு இந்த அழுமூஞ்சியைக் கொண்டுபோனால் குடும்பத்துக்கே அசிங்கம் என்று, அவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் எடுத்து வந்து, மேலே பணம் போட்டு, வெள்ளியாக மின்னுகிற ஒன்றை வாங்கிப் போயிருக்கிறார். முதலாளி எண்ணெய் விட்டு டமார் காட்டியிருக்கிறார். ட்ரிகர் கெட்டியாக இருக்கிறது என்று மாமன் சொன்னதும், உள்ளே அராவி வெண்ணெயாக இளக்கியும் கொடுத்திருக்கிறார். மச்சான் ஆசையாகச் செய்ததை வேண்டாமென்று எந்த அப்பாவால் சொல்ல முடியும்?

முதலாளியிடம் கத்தினேன். போட்டிக்கு முன்னால் ட்ரிகரில் அரைக் கிலோ எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள், அதைத் தாங்காமல் ட்ரிகர் விழுந்தால் அந்தப் பிஸ்டலை உள்ளேயே விடமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும்தானே என்றேன். தெரியும் என்றார்! அந்த 'தெரியும்' இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அழுமூஞ்சியை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே என் டிபன் பையில் போட்டேன். வேலையை விட்டு நிறுத்துவதானால் நிறுத்திக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "போட்டி அந்தப் பொண்ணுது, யாவாரம் என்னுது. நடுவுல நீ எதுக்குமா எரிஞ்சிகினு கீறே?"

கொக்கியில் தொங்கியது

ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து ஆவடி பஸ். பஸ் வரவே இல்லை. வந்தது ஸ்டாப்பில் நிற்கவில்லை. அடுத்ததில் தொற்றிக்கொண்டு, இறங்கி, போட்டி நடக்கிற ரேஞ்சுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது ஸ்டெல்லா சோதனை மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதிகாரி வெள்ளிப் பிஸ்டலை நிமிர்த்திப் பிடித்து, ட்ரிகரில் எடையை மாட்டி மெதுவாகத் தூக்கினார். தரையை விட்டு எடை எழும்புவதற்குள் 'கிளிக்'. மறுபடியும் தூக்கினார், மறுபடியும் கிளிக். பிஸ்டலை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

ஸ்டெல்லா அழவில்லை, அப்படியே வெளுத்துப்போய் நின்றாள். ஆரோக்கியசாமி தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளாத குறை. மாமன் மட்டும் மேஜையைத் தட்டிச் சண்டைக்குப் போனார். புதுசு சார், பெட்டியைப் பாருங்க, இருக்கிறதிலேயே அதிக விலை சார் என்று கூவினார். அதிகாரி அடுத்த பிஸ்டலைக் கையில் எடுத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். "இந்தக் கொக்கியில எடையத்தாங்க மாட்டுவோம், விலைய மாட்டறதில்ல."

ஃபோட்டோவில் இருக்கிறது

டிபன் பையிலிருந்து அழுமூஞ்சியை எடுத்து மேஜையில் வைத்தேன். எடையைத் தூக்கினார், தாங்கியது. ஸ்டெல்லா அதை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். முதல் சில குண்டுகள் ஓரம் போயின. எனக்கு மாமனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அப்புறம் குண்டுகள் நடுவுக்கு வந்தன. சாயங்காலம் அணியின் கடைசிப் பெயராக அவள் பெயரைப் படித்தார்கள். காலேஜ் சீட் அவளுடையது. ஆரோக்கியசாமி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஏன் இன்னும் கொதிக்கப்போகிறேன்? கிளப் மலருக்கு ஃபோட்டோ எடுக்க ஒருவர் வந்தார். பிஸ்டலோடு நில்லும்மா என்றார். அழுமூஞ்சியைப் பார்த்துவிட்டு, வேறு இல்லையா என்றார். மாமன் பாய்ந்து வந்து வெள்ளிப் பிஸ்டலை அவள் கையில் திணித்தார். அவள் முடியாது என்றாள். அப்பா கண்ணாலேயே கெஞ்சினார். ஃபோட்டோ விழுந்தது. ஒரு பிரதி எங்கள் கடைக்கும் வந்தது. முதலாளி அதைச் சட்டம் போட்டு அலமாரிக்கு மேலே மாட்டினார். மாலையும் ஊதுவத்தியும்தான் பாக்கி. என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஃபோட்டோவைத் துடைக்கும் வேலையை எனக்கே கொடுத்தார்.

ஆரோக்கியசாமி மச்சானுக்குத் தெரியாமல் வெள்ளிப் பிஸ்டலைக் கொண்டுவந்து கொடுத்து, அழுமூஞ்சியை வைத்துக்கொண்டார். திரும்பி வந்ததை முதலாளி துடைத்து முன்னால் வைத்தார். முதலில் வந்த ஆளே ஃபோட்டோவைக் காட்டி அதைக் கேட்டார். இது வெளியே தள்ளப்பட்ட பிஸ்டல், அந்தப் பெண் சுட்டது வேறு, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் ஃபோட்டோவை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "பொறாம புடிச்சி பேசாதம்மா. படத்துலயே கீது, நீ இல்லேன்றே!"

எங்கள் தொழிலில் நல்ல பிஸ்டலைக் கண்டுபிடிப்பது சுலபம், கெட்ட பிஸ்டலின் ஃபோட்டோவோடு மல்லுக்கட்டுவதுதான் கஷ்டம்.