மாமனார் வீட்டுக்குப் போன பார்சல்

அவனை நான் இன்றும் மன்னிக்கவில்லை. கடைசியில் மனம் இளகிவிடுவேன் என்று நினைத்துப் படிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருவொற்றியூரிலிருந்து மணலிக்குப் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகள் எப்போதும் வரிசைகட்டி நிற்கிற இடத்துக்குப் பின்னால் எங்கள் குடோன் இருக்கிறது. ஜனங்கள் போனில் ஆர்டர் போடுகிற சாமான்கள் அங்கிருந்துதான் கிளம்பிப் போகும். எனக்குப் பேக்கிங் மேஜையில் வேலை. பக்கத்து மேஜையில் நெட்டுக்குப்பத்து அக்கா நின்றார். அவர் வீட்டுக்காரர் ஆற்று முகத்துவாரத்தில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர். அனல்மின் நிலையத்துச் சாம்பலும் எண்ணெய்யும் கலந்து தண்ணீர் கெட்டபின் வலையில் சேறுதான் ஏறியது. அதனால் அக்கா குடோனுக்கு வந்தார். மதியத்தில் அவர் டப்பாவைத் திறந்தால் மீன்குழம்பு வாசனைக்கு மூன்று மேஜை தள்ளி இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் துண்டு எனக்குத்தான் வரும்.

அப்போதெல்லாம் கைக்கு எட்டிய அட்டைப்பெட்டியில் சாமானைப் போட்டு ஒட்டுவோம். ஒரு ஜோடிக் கம்மல் செருப்பு டப்பா அளவுப் பெட்டியில் போகும். மிச்ச இடத்தில் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளைத் திணிப்போம். அந்தப் பைகளே அப்புறம் எங்கள் தெருச் சாக்கடையை அடைத்துக்கொண்டு கிடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் "ஏஐ வருது" என்றார்கள். வேலை போய்விடும் என்று பயந்தோம். போகவில்லை. ஒவ்வொரு மேஜைக்கு மேலும் ஒரு கேமரா மாட்டினார்கள், பக்கத்தில் ஒரு திரை வைத்தார்கள். சாமானைக் கேமராவுக்குக் கீழே வைத்தால் அளவு பார்த்து, எந்தப் பெட்டி போதும், பெட்டியே வேண்டாமா, வெறும் பேப்பர் கவர் போதுமா என்று திரை சொல்லும். சொல்லிக்கொடுக்க வந்த பெண் இன்ஜினியர் திரையின் ஓரத்தில் இருந்த மஞ்சள் பட்டனைக் காட்டினார். அதில் 'மாற்று' என்று எழுதியிருந்தது.

"இது இன்னும் கத்துக்கிட்டுதான் இருக்குதுக்கா. தப்பா சொல்லுதுன்னு தோணிச்சுன்னா இதை அழுத்திட்டு, உங்களுக்கு எது சரியோ அதுல பேக் பண்ணுங்க. நீங்க திருத்தத் திருத்தத்தான் அதுக்குப் புரியும்."

நன்றாகத்தான் போனது. அட்டைப்பெட்டி இறக்க வரும் லாரி அடிக்கடி வருவது நின்றது. டேப்பைக் கிழித்துக் கிழித்துத் தோள்பட்டை வலிப்பதும் குறைந்தது. அந்த இயந்திரத்தின்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் மேனேஜர்மேல்தான்.

எந்தக் குடோனில் அட்டை குறைவாகச் செலவாகிறதோ அந்தக் குடோன் மேனேஜருக்குப் பரிசு என்று தலைமை அலுவலகம் அறிவித்திருந்தது. நாங்கள் மஞ்சள் பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் இன்னும் பெரிய பெட்டிதான் போகும். அவனுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு காலையில் கறுப்பு டேப்பை எடுத்துவந்து மேஜை மேஜையாகப் போய் அந்தப் பட்டன்மேல் ஒட்டினான்.

"இதுமேல யாராவது கை வெச்சீங்கன்னா அன்னிக்கே வீட்டுக்குக் கிளம்பிடலாம்" என்றான்.

திருத்த ஆளில்லாமல் போனதும் தான் சொல்வதெல்லாம் சரி என்று இயந்திரம் எண்ணிக்கொண்டது. பேப்பர் கவரில் போகிற சாமான்கள் கூடிக்கொண்டே போயின. பிறகு கண்ணாடியும் அதிலேயே போனது. உடைந்து திரும்பிய பார்சல்களுக்கெல்லாம் பேக்கிங் செய்தவர்கள்தான் காரணம் என்று மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினான்.

அப்படித்தான் ஒரு ஊறுகாய் பாட்டில் திரும்பி வந்தது. அக்காவின் மேஜையிலிருந்து போனது. எண்ணெய் ஊறிய அந்தக் கவரை அவன் எல்லோர் முன்னாலும் தலைகீழாக அவர் மேஜையில் கொட்டினான்.

"கேமராதான் சார் கவர்ல போட சொல்லுச்சு" என்றார் அக்கா.

"மெஷின் மேல பழி போடாத. மீன் அள்ற கைக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது? பொறுக்கும்மா."

அக்கா பொறுக்கினார். ஒரு சில்லு விரலில் ஆழமாக ஏறியது. வெட்டுக்காயத்தில் மிளகாய் எண்ணெய் பட்டால் எப்படி எரியும்! விரலைச் சேலையில் ஒற்றிக்கொண்டு மறுபடி குனிந்தார். கடைசிச் சில்லு வரை பொறுக்கவைத்துவிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றான் மேனேஜர். நான் டேப்பைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

கம்பெனி பஸ்ஸில் அழுதது நான்தான். "உடுடி. நீ உன் வேலைய பாத்துக்கினு இரு" என்று அக்கா என் முதுகைத் தட்டினார், துணி சுற்றிய கையால்.

நான் விடவில்லை. தோசை ஊற்றும்போதும், குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதும் அவனை என்ன செய்யலாம் என்றே யோசித்தேன். அவன் காரின் டயர்கள் நான்கையும் மனசுக்குள் எத்தனையோ முறை கிழித்திருக்கிறேன். அவன் டீயில் துப்பியிருக்கிறேன். எதையும் செய்யத் துணிச்சல் வரவில்லை. வாய்ப்பு தானாகவே என் மேஜைக்கு வந்தது.

பூவேலை செய்த பெரிய கண்ணாடி ஜாடி அது. மெல்லிய அட்டைக்குள் இருந்தது. கூட வந்த பரிசுச் சீட்டில், 'அன்புள்ள மாமா, அத்தைக்கு, அறுபதாம் கல்யாண வாழ்த்துகள்' என்று அச்சாகியிருந்தது. கீழே இனிஷியலோடு அவன் பெயர். ஊழியர் ஆர்டர் என்ற முத்திரையும் இருந்தது. மாமனாரின் அறுபதாம் கல்யாணத்தைப் பற்றி அவன் ஒரு வாரமாகப் போனில் பெருமையடித்துக்கொண்டிருந்தது குடோனுக்கே தெரியும்.

ஜாடியைக் கேமராவுக்குக் கீழே வைத்தேன். திரை 'பேப்பர் கவர்' என்றது.

நான் நினைத்திருந்தால் உள்ளே நாலு சுற்று காகிதம் வைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. வைக்கவில்லை. கவரின் வாயை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தேன். லேபிளைக் கோணாமல் ஒட்டினேன். அவ்வளவு அழகாக நான் எந்தப் பார்சலையும் கட்டியதில்லை. பெல்ட்டில் வைத்ததும் அது நகர்ந்து போனது. கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அவன் நசுங்கிய கவரோடு உள்ளே வந்தான். நடக்க நடக்கக் கவருக்குள் கலகலவென்று சத்தம் கேட்டது.

"இதை யாரு பேக் பண்ணது?"

"நான்தான் சார்."

"கண்ணு தெரியல உனக்கு? கண்ணாடின்னு போட்டிருக்கு இல்ல?"

"தெரிஞ்சுது சார்."

"அப்புறம் எதுக்குக் கவர்ல போட்ட?"

"கேமரா அப்டித்தான் சொல்லுச்சு சார்."

"அது சொன்னா? அறிவு வேணாம்? மாத்தித் தொலைக்க வேண்டியதுதானே!"

அந்த வார்த்தை அவன் வாயிலிருந்தே வந்ததும் பக்கத்து மேஜைகளில் டேப் கிழிகிற சத்தம் நின்றது.

"எப்டி சார் மாத்தறது? நீங்கதான பட்டன் மேல டேப்பு ஒட்டி வெச்சுக்கிறீங்க" என்றேன்.

லோடு ஏற்றும் பக்கத்திலிருந்து யாரோ சிரித்தார்கள். அவன் முகம் கறுத்தது. "சொந்தக்காரங்க எல்லாரும் பாக்க மாமா அதைப் பிரிச்சாரு..." என்று தொடங்கியவன், யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்ததும் நிறுத்திக்கொண்டான். அந்த அரை வாக்கியம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

என்னை அன்றே துரத்தியிருப்பான். அதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். மருமகன் வேலை பார்க்கிற கம்பெனியின் லட்சணம் இதுதானா என்று கேட்டு, சில்லுகளைப் படம் பிடித்து, நேராகத் தலைமை அலுவலகத்துக்கே புகார் அனுப்பிவிட்டார். மறுநாள் அந்தப் பெண் இன்ஜினியர் வந்தார். எங்கள் குடோனிலிருந்து ஒரு திருத்தம்கூட வராமல் இருந்ததை அப்போதுதான் கவனித்திருக்கிறார்கள். அவர் என் மேஜைக்கு வந்து கறுப்பு டேப்பை நகத்தால் உரித்தார்.

"இதை ஒட்டினது யாரு?"

எல்லோரும் அவனைப் பார்த்தோம்.

அவனை வேலையைவிட்டு எடுக்கவில்லை, அப்படிப்பட்டவர்களை எடுக்கமாட்டார்கள். பரிசு போனது. லாரிகள் வந்துபோகிற கேட்டுக்கு மாற்றினார்கள். வெயிலிலும் தூசியிலும் நின்று லாரிகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நான் வேண்டுமென்றே அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய், "வணக்கம் சார்" என்று சத்தமாகச் சொல்வேன். பதில் சொல்லமாட்டான். சொல்லாதது எனக்கு இன்னும் பிடித்திருந்தது. இப்போது கண்ணாடியெல்லாம் சின்னப் பெட்டியில், காகிதம் சுற்றிப் போகிறது. நாங்கள் திருத்தியும் அட்டைச் செலவு பழையபடி ஏறவில்லை.

அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நெட்டுக்குப்பத்துக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து, விற்பதற்காக வாங்கிவந்த இறாலைப் பெரிசு, சிறிசு என்று பிரித்துக்கொண்டிருந்தார். வெட்டுப்பட்ட விரல் சரியாக மடங்கவில்லை. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் நிமிரவே இல்லை.

"அவன் ஜாடி உட்ஞ்சதுல எனக்கு இன்னாடி வந்துச்சு?" என்றார்.

"வேலைக்குக் கூப்புட்றாங்கக்கா."

"நான் வர்ல. அந்த மேஜ முன்னால நின்னா எனக்கு மறுபடியும் கை எரியும்."

இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்த சந்தோஷம் கரைந்துபோனது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் இறால் பிரித்தேன். பாதிக் கூடை முடிந்ததும் அக்கா தலையைத் தூக்கினார்.

"எல்லார் முன்னாலயுமா பிரிச்சான், மாமனார்காரன்?"

"ஆமாக்கா."

"இவன் மூஞ்சி எப்டி இருந்துச்சு? மொதல்லேர்ந்து சொல்லு."

சொன்னேன். இரண்டாவது முறை கொஞ்சம் கூட்டியே சொன்னேன். மச்சினிகள் வரிசையாக நின்று சிரித்தார்கள் என்றேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள் என்றேன். அக்கா இறால் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.