கழுத்தில் போன காசு

வெளிநாடு போகிறவர்களுக்கு எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். டொலராகக் கொண்டு போ, இங்கேயே மாற்று, அங்கே போய் மாற்றினால் ஏமாற்றுவார்கள். கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கடல் தாண்டிப் போனேன். எந்தக் காசைக் கொண்டுபோவது என்பதை என் அண்ணை எனக்காகத் தெரிவு செய்தார். அந்தத் தெரிவை நினைத்து அவர் பிறகு நெடுநாள் வருந்தினார். நான் வருந்தவில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் கிளிநொச்சிக்கு வந்தவர்கள். காடு வெட்டி, கட்டை பிடுங்கி, இரணைமடுத் தண்ணீர் பாய்கிற வயலாக அந்தக் காணியை ஆக்கியவர் என் கணவர். பிள்ளை குட்டி இல்லை. அவருக்கு இருந்த ஒரே ஆசை இராமேஸ்வரம் போவது. பாஸ்போட்டுக்கு இரண்டு பேரும் படம் எடுத்து, புத்தகமும் கைக்கு வந்த பிறகு, அறுவடை முடியட்டும் என்று நாளைத் தள்ளிப்போட்டார். அந்த அறுவடை வயலில்தான் அவரைப் பாம்பு தீண்டியது.

செத்தவீட்டில் என் பொட்டை அழித்தவர் அண்ணையின் மனைவி, என் மச்சாள். தாலிக்கொடியைக் கழற்றும்போதும் அவர்தான் முன்னுக்கு நின்றார். கழற்றிய கையோடு கொடி அண்ணையிடம் போனது. அண்ணை கிளிநொச்சிக் கடைத்தெருவில் சின்னதாக ஒரு புடவைக்கடை வைத்திருந்தார். கடையின் இரும்புப் பெட்டிக்குள் என் தாலியும் கொடியும் போய்ப் படுத்துக்கொண்டன.

"தனியப் பொம்பிளை, உதுகளை வீட்டில வைச்சிருக்கக் கூடாது" என்றார்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை. கணவர் வாங்கித் தந்தவற்றில் பெறுமதியானது அது ஒன்றுதான். பெட்டியைப் பூட்டிய திறப்பு அண்ணையின் இடுப்பில் தொங்கியது. கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தத் திறப்பைத்தான் பார்ப்பேன். வாய் திறக்கமாட்டேன்.

அஸ்தியைக் கரைக்கக் கீரிமலைக்குக் கொண்டுபோனபோது மட்டும் வாய் திறந்தேன். ஒரு பிடியைக் கொடுக்க மறுத்து, சின்னச் செம்பில் போட்டுத் துணியால் வாய்கட்டி, முற்றத்துப் பூவரசில் தொங்கவிட்டேன். அவர் ஆசைப்பட்ட இடத்துக்கு இதையாவது கொண்டுபோவேன் என்றேன். புருஷன் போய் ஆண்டுத் திவசம்கூட முடியவில்லை, அதற்குள் இவளுக்கு ஊர் சுற்றக் கேட்கிறதோ என்று சனம் கதைத்தது. அண்ணையும் தடுப்பார் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு நாள் தானாகவே வந்து, "நானும் வாறன் பிள்ளை, போவம்" என்றார்.

ஏன் அந்தத் திடீர் பாசம் என்பது பிறகு புரிந்தது. அவருக்கு இந்தியாவிலிருந்து பட்டுச் சேலைகள் எடுத்துவந்து கடையில் விற்க வேண்டும். அதற்கு அங்கே செல்லக்கூடிய காசு வேண்டும். அரசாங்கம் யாத்திரைக்காரருக்கு மாற்றித் தருகிற காசு சாப்பாட்டுக்கும் சத்திரத்துக்குமே இழுபறி.

நான் உள்ளே சமைத்துக்கொண்டிருக்க, எங்கள் வீட்டுக் குசினி வாசலில் இருந்து அண்ணையும் மச்சாளும் அதைப் பற்றிக் கதைத்த கதை இன்றும் என் காதில் இருக்கிறது. இலங்கை நோட்டைக் கட்டாகக் கொண்டுபோனால் தலைமன்னாரிலேயே சுங்கக்காரன் பிடிப்பான். தப்பிப் போனாலும் அக்கரையில் அரைவிலைக்குத்தான் எடுப்பான். வவுனியாவில் ஒரு முதலாளி இந்திய நோட்டுக் கொடுக்கிறாராம். அதை அந்தப் பக்கத்துச் சுங்கம் கண்டால் எங்கே எடுத்தாய் என்று கேட்கும். ஸ்டேர்லிங் பவுண் நோட்டு நல்லது, ஆனால் அதை எங்கே ஒளிப்பது? மச்சாள் பலகாரத்துக்குள் வைக்கலாம் என்றார். அண்ணை அவரை ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். என் முகத்தை அல்ல, கழுத்தைப் பார்த்தார்.

"பொம்பிளையளின்ர தாலியில மட்டும் அவங்கள் கை வைக்கிறேல்லை" என்றார். "இவளின்ர பாஸ்போட்டுப் படத்திலயும் பொட்டோடதானே நிக்கிறாள். கொடியைப் போட்டுக்கொண்டு வரட்டும். அங்க தங்கத்துக்கு நல்ல விலை. வித்துப்போட்டுச் சேலையை எடுப்பம். பிறகு இவளுக்கு அந்தக் காசைக் குடுப்பம்."

மச்சாள் வாயில் கை வைத்தார். "ஐயோ, தாலி அறுத்த பொம்பிளைக்குத் திரும்பவோ?"

"விசர்க் கதை கதையாதை. தாலியெண்டு ஆர் சொன்னது? இது காசு."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. ஒரு பூ வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றவர்கள் இவர்கள். மூலையில் இருத்தியவர்கள் இவர்கள். இப்போது சேலை வியாபாரத்துக்காகச் சாத்திரம் சம்பிரதாயம் எல்லாம் கப்பலேறிவிட்டது. அடுப்பில் இருந்த கொள்ளிக்கட்டையை எடுத்து வீசியிருப்பேன். ஆனால் ஒன்றை நினைத்து அடங்கிக்கொண்டேன். அந்தத் திறப்பு இனித் தானாகவே இடுப்பிலிருந்து இறங்கும்.

"சரி அண்ணை, போடுறன்" என்றேன்.

புறப்பட்ட அன்று காலை மச்சாள்தான் கொடியை என் கழுத்தில் போட்டுக் கொளுக்கியை மாட்டினார். பொட்டை நானே வைத்துக்கொண்டேன், கொஞ்சம் பெரிதாகவே. கொடியின் பாரம் நெஞ்சில் விழுந்ததும் எனக்கு அழுகை வந்தது. காசு எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. கட்டியவர்தான் தெரிந்தார்.

மதவாச்சியில் மாறித் தலைமன்னார் ரயிலில் ஏறினோம். பெண்கள் ஒதுங்கி இடம் தந்தார்கள். ஒருத்தி மடியிலிருந்த பூச்சரத்தில் ஒரு துண்டைக் கிள்ளித் தந்தாள். வாங்கி வைத்துக்கொண்டேன். அண்ணை யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

தலைமன்னார் இறங்குதுறையில் பெண்களைச் சோதிக்க ஒரு மறைப்புக் கட்டியிருந்தார்கள். உள்ளே நடுத்தர வயதில் ஒரு அம்மா. வெளியே அண்ணை, காது முழுவதையும் மறைப்பில் வைத்தபடி. என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுக எனக்குப் பாடமாக்கி வைத்திருந்தார். புருஷன் வயலைப் பார்க்க வீட்டில் நிற்கிறார் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் யோசித்த அந்த மனிதர், நாங்கள் எதற்காகப் போகிறோம் என்பதை மட்டும் மறந்துபோனார்.

அந்த அம்மா என் பையைத் திறந்து செம்பை வெளியே எடுத்தார்.

"இதென்ன?"

"அஸ்தி."

செம்பை மெல்ல வாங்குப் பலகையின் மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "ஆற்ரையம்மா?"

"மாமியின்ர!" என்று மறைப்புக்கு வெளியிலிருந்து அண்ணையின் குரல் வந்தது. "அவவின்ர மாமியின்ர அஸ்தி!"

"ஐயா, உங்களைக் கேக்கேல்லை" என்றார் அந்த அம்மா.

சரி என்று தலையாட்டியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் என் மனுஷனைச் செம்புக்குள் வைத்துக்கொண்டு, அது அவரில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"என்ர மனுசன்ர" என்றேன்.

அவர் என் பொட்டைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். "அப்ப உது?"

"அவர் கட்டினது. செத்தவீட்டில கழட்டினவை. இண்டைக்குக் காலமை திரும்பப் போட்டுவிட்டவை. அக்கரைக்குக் காசு கொண்டுபோக வேற வழியில்லையாம்."

வெளியே அண்ணை தலையில் கை வைத்திருப்பார். அந்த அம்மா மறைப்பின் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப நான் பெரியவரிட்டைச் சொல்லவேணும். அவர் பறிக்கச் சொல்லுவார். கழட்ட வேண்டியவள் நான்."

"கழட்டுங்கோ" என்றேன். "என்ர கையால கழட்டித் தரமாட்டன். குனியவும் மாட்டன். செத்தவீட்டில ஒருக்காக் குனிஞ்சது காணும்."

அவர் கை கழுத்துவரை வந்தது. கொளுக்கியைத் தொட்டது. அங்கேயே நின்றது. அவர் கழுத்திலும் ஒரு மெல்லிய கொடி கிடந்தது. கையை இழுத்துக்கொண்டார்.

"விக்கப் போறியளோ?"

"விக்கத்தான் அனுப்பினவை. நான் விக்கமாட்டன்."

அந்த நிமிடம் வரைக்கும் அப்படி ஒரு முடிவு என்னிடம் இருந்ததா என்று தெரியாது. சொன்ன பிறகு அதுதான் முடிவு.

"வரேக்கையும் நான்தான் இஞ்ச நிப்பன். கழுத்தில இல்லாட்டி விடமாட்டன்" என்றார். செம்பைத் துணியோடு பைக்குள் வைத்து, சோதித்த அடையாளமாகப் பையில் வெண்கட்டியால் ஒரு கோடு கீறினார்.

அப்போது தனுஷ்கோடியில் ஊர் இருந்தது, புயல் இன்னும் கொண்டுபோகவில்லை. கப்பலிலிருந்து அங்கே இறங்கி இராமேஸ்வரம் போனோம். ஐயர் மந்திரம் சொல்ல, அண்ணை கடலில் இறங்கி அஸ்தியைக் கரைத்தார். அதுவரைக்கும் நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொண்டார். அடுத்த நாள் சத்திரத்துக்கு ஒரு நகை வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் தராசையும் கொண்டுவந்திருந்தான்.

"கழட்டு பிள்ளை."

"கழட்டமாட்டன் அண்ணை. அந்த அம்மாவுக்குச் சொல்லிப்போட்டு வந்தனான்."

"அவள் ஆர் உனக்கு?"

"ஒருத்தரும் இல்லை. ஆனா அவ ஒருத்திதான் என்னைக் கேட்டவ."

வியாபாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தராசைச் சுருட்டிக்கொண்டு போனான். யாத்திரைக் காசை எண்ணி எண்ணிச் செலவழித்து, ஒரு சேலைகூட இல்லாமல் திரும்பினோம். அண்ணை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எனக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன். தலைமன்னாரில் அந்த அம்மா என் கழுத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீடு வந்த மறுநாள் அண்ணை வந்தார். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கையை நீட்டினார். "கொண்டா, பெட்டிக்குள்ள வைப்பம். அழிக்க வேண்டிய பொட்டையும் அழி. பயணம் முடிஞ்சுது."

"நீங்கள் காசெண்டு போட்டுவிட்டனீங்கள்" என்றேன். "நான் தாலியெண்டு போட்டிருக்கிறன். காசு வேணுமெண்டால் வேற இடத்தில பாருங்கோ."

அவர் கத்தினார். மச்சாள் அழுதார். வாய்க்கால் கரையில் பெண்கள் என்னைக் கண்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். கல்யாண வீடுகளுக்கு என்னைக் கூப்பிடவில்லை. முன்னரும் கூப்பிட்டதில்லை, ஆகவே நட்டம் ஒன்றுமில்லை. கொடியோடு நாற்று நட்டேன், கொடியோடு சந்தைக்குப் போனேன். யாராவது உற்றுப் பார்த்தால் நானும் உற்றுப் பார்த்தேன்.

சில வருடங்களில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் மேட்டுக்காணியில் மிளகாய் செய்யத் தொடங்கினார்கள். வாய்க்கால் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. கிணறு இருந்தது, வோட்டர் பம்ப் வாங்கக் காசு இல்லை. ஒரு காலை குளித்துவிட்டு வந்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று, கொளுக்கியைக் கழற்றினேன். தாலியை எடுத்து அவருடைய படத்துக்குக் கீழே வைத்தேன். கொடியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் நானே பேரம் பேசி விற்று, பம்ப்போடு வந்தேன். அழவில்லை. அவர் வெட்டிய காடு, அவர் தந்த பொன், இரண்டும் ஒன்று சேர்ந்ததாகத்தான் நினைத்தேன்.

பம்ப்பின் சத்தம் கேட்டு அண்ணை வந்தார். மிளகாய்ப் பாத்தியின் கரையில் நின்று என் வெறுங்கழுத்தைப் பார்த்தார்.

"ஆர் கழட்டினது?"

"நான்தான்."

"அப்பிடித் தன்ர கையால கழட்டிற வழக்கம் இல்லையே."

"திரும்பப் போட்டுவிடுற வழக்கமும் இருக்கேல்லை அண்ணை" என்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. தண்ணி வருது."