லால் திகியின் மேற்குக் கரையிலிருந்து

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஹௌரா நிலையத்தில் இறங்கினேன். சென்னையிலிருந்து ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஏறக்குறைய இருபத்தெட்டு மணி நேரம். ஜனவரி மாதம். கல்கத்தா என்ற பெயர் கொல்கத்தா என்று மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ப்ரீபெய்ட் டாக்சி வரிசையில் நின்றவர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. லேக் கார்டன்ஸுக்கு நூற்றுப் பத்து ரூபாய்.

நான் தெற்கே ஒரு மாவட்டத் தலைநகரில் நகரமைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவன். ஊர்ப் பெயர் வேண்டாம். இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பழைய கடைவீதிகளில் ஒரு கட்டடத்தை மாற்றிக் கட்ட அனுமதி கேட்டால் வெளியூர்களில் அதை எப்படிப் பரிசீலிக்கிறார்கள் என்று பார்த்து வரச் சொல்லி அனுப்பினார்கள். கல்கத்தாவை நானாகக் கேட்டு வாங்கினேன். காரணம் மல்லிகா.

மல்லிகாவும் நானும் சென்னையில் கட்டடக்கலை படித்தவர்கள். ஐந்து வருஷம் அடுத்தடுத்த மேஜை. வரைவதில் நான் அவளைவிடக் கெட்டிக்காரன். இதை அவளே எல்லோரிடமும் சொல்வாள். படிப்பு முடிந்ததும் துறைமுகப் பொறியாளர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு கல்கத்தா போனாள். நான் அரசு வேலைக்குப் போனேன். பத்து வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் அவள் படம் வந்தது. பழைய கட்டடம் ஒன்றைச் செப்பனிட்டு, அதன் வாசலில் கைகட்டி நின்றாள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பயணத்தை வேறு எங்கிருந்து தொடங்கினாலும் பொய்யாகிவிடும்.

டாக்சி ஓட்டியவர் பீகார்க்காரர். பாலம் தாண்டியதும் முன்னால் போன ட்ராமைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

“உங்கள் மெட்ராஸில் இது உண்டா?” என்று இந்தியில் கேட்டார்.

“ஒரு காலத்தில் இருந்தது. எடுத்துவிட்டார்கள்.”

“நல்ல ஊர். இங்கே எதையும் எடுக்க மாட்டார்கள்.”

அவர் குறையாகச் சொன்னதுதான் எனக்கு முதல் வயிற்றெரிச்சல்.

லேக் கார்டன்ஸில் இரண்டாவது மாடியில் வீடு. மல்லிகாவின் கணவர் முருகேசன் கீழே வந்து பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “வாங்க சார். நேத்துலேர்ந்து உங்க பேச்சாத்தான் இருக்கு.” பன்னிரண்டு வயது மகள் துளசி, “மாமா, மிஷ்டி சாப்பிடுவீங்களா?” என்று இனிப்புத் தட்டை நீட்டிக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அம்மாவிடம் வங்காளியில் ஏதோ படபடவென்று சொன்னாள். மாமா என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொது என்பதால் அவளுக்கு அதில் மட்டும் தடுமாற்றம் இல்லை.

மல்லிகா நரைத்திருந்தாள். “ஏ சேகர், நீ அப்படியே இருக்கியே!” என்றாள். திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை. சுவர் முழுக்க வரைபடச் சுருள்கள். எண்ணக் கூடாது என்று நினைத்தேன், எண்ணிவிட்டேன். முப்பத்திரண்டு.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ரவீந்திர சரோபர் நிலையத்தில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கினோம். அங்கிருந்து பத்து நிமிட நடை டல்ஹௌசி. நகரத்தின் பழைய அலுவலகப் பகுதி அது. நடுவில் லால் திகி என்ற பெரிய சதுரக் குளம். நான்கு பக்கமும் சாலை. சாலைகளை ஒட்டி, வெள்ளைக்காரர்கள் காலத்துக் கட்டடங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. வடக்கே செக்கச் சிவந்த தலைமைச் செயலகம். மேற்கே தபால் நிலையத்தின் வெள்ளைக் கும்மட்டம். எதிலும் புதுப் பெயின்ட் இல்லை, பாதிச் சுவர்களில் அரசஞ்செடி. ஆனாலும் நின்றன.

மல்லிகா என்னைக் குளத்தின் கிழக்குப் பக்கம் ஒரு மூலைக் கட்டடத்துக்குக் கூட்டிப் போனாள். மூன்று மாடி. நடைபாதையின் மேலே வளைவுகள். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் ஜனங்கள் அதன் அடியில் நடக்கலாம். மேலே பச்சை மரச் சாய்பலகை ஜன்னல்கள். சொந்தக்காரர்கள் ஒரு வியாபாரக் குடும்பம். முழு முகப்பையும் கண்ணாடியால் மூடி, வளைவுகளையும் அடைத்துக் கடையாக்க வேண்டும் என்று வந்தார்களாம்.

“மூணு மாசம் பேசினேன். வளைவு இருக்கட்டும், ஜன்னல் இருக்கட்டும், பதிலுக்கு மேல ஒரு மாடி கட்ட அனுமதி வாங்கித் தாரேன்னேன். பின்னாடி தள்ளிக் கட்டுனா தெருவுலேருந்து தெரியாது. நாளைக்குக் கமிட்டி.”

வரைபடத்தை விரித்துக் காட்டினாள். எதிர் நடைபாதையில் ஒரு மனிதன் நிற்பதாகப் போட்டு, அவன் கண்ணிலிருந்து கூரை விளிம்புக்கு ஒரு கோடு இழுத்திருந்தாள். புது மாடி அந்தக் கோட்டுக்குள் ஒளிந்திருந்தது. அழகான வேலை. நானாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்று தோன்றியதும் எரிச்சல் இன்னும் கூடியது. செய்ய எனக்கு யார் இடம் கொடுத்தார்கள்?

வளைவுக்கு அடியில் ரப்பர் ஸ்டாம்பு செய்து விற்கும் பிமல்தா மல்லிகாவைப் பிடித்துக்கொண்டார். தாதா என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா. பெயரோடு ஒட்டிக் கூப்பிடுகிறார்கள். “தீதி, வளைவை அடைத்தால் நான் எங்கே போவேன்?” என்று பத்தாவது தடவையாகக் கேட்டிருப்பார். அவள் பத்தாவது தடவையாகப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் டீ குடிக்கலாம் என்று குளத்தைச் சுற்றி மேற்குக் கரைக்கு நடந்தேன்.

மண் கோப்பையில் டீ, இரண்டு ரூபாய். குடித்துக்கொண்டே தண்ணீருக்கு அப்பால் பார்த்தேன். மூலைக் கட்டடம் முழுசாகத் தெரிந்தது. அதன் மொட்டைமாடியில், படிக்கட்டு முடியும் இடத்தில் இருந்த சிறு அறையும் தெரிந்தது. எங்கள் ஊர்க் கொத்தனார்கள் ஹெட்ரூம் என்பார்கள். மல்லிகாவின் புது மாடி அதைவிட உயரம், அதற்கும் முன்னால் வருவது. எதிர் நடைபாதையில் நிற்கிறவனுக்குத் தெரியாது. குளத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஆயிரம் பேருக்கும் தெரியும். தொப்பிக்கு மேல் தொப்பி போட்டதுபோல் நிற்கும். அவள் கோட்டை ஒரே இடத்திலிருந்துதான் இழுத்திருந்தாள்.

டீயை முடித்துவிட்டுத் திரும்பிப் போனேன். சொல்லவில்லை.

அன்று இரவு ஏழரைக்குச் சாப்பாடு. முருகேசன் பேச்சுவாக்கில், “எப்படி சார் இருக்கு இவ வேலை?” என்று கேட்டார். மல்லிகா ரசத்தை ஊற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். கல்லூரியில் ஒவ்வொரு தாளையும் என்னிடம் காட்டிவிட்டுப் பார்ப்பாளே, அதே பார்வை.

“பிரமாதம்,” என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றுக்குக் கூட்டம். நீண்ட அறை, நீண்ட மேஜை, ஒன்பது பேர். பழைய கட்டடங்களில் செய்யும் மாற்றங்களைப் பார்த்து ஆலோசனை சொல்லும் குழு. தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர், மங்கி கேப் போட்டவர். சுவரோரம் பெஞ்சில் பிமல்தாவைப் போலக் கடை போட்டிருப்பவர்களும் கட்டடச் சொந்தக்காரரின் மகனும். வருகையாளன் என்று எனக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

முதல் மனு ஒரு ஜன்னலைப் பற்றியது. ஒரே ஒரு ஜன்னல். மரத்தை எடுத்துவிட்டு அலுமினியம் வைக்கலாமா என்று நாற்பது நிமிடம் பேசினார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டார், ஒருவர் சமாதானம் சொன்னார், ஓர் அம்மாள் அந்த மரம் எந்தத் தச்சரிடம் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பெரிய கடைவீதியில் பதினோரு கல்தூண்கள் நின்ற ஒரு வரிசை இருந்தது. தூண்களை விட்டுவைக்கலாம் என்று நான் கோப்பில் குறிப்பு எழுதினேன். விதியில் இடமில்லை என்ற ஒரு வரியோடு திரும்பி வந்தது. கையெழுத்துப் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பதினொன்றையும் சாய்த்துவிட்டார்கள். இங்கே ஒரு ஜன்னலுக்கு நாற்பது நிமிடம்.

அந்த வேகாளத்தோடு நான் உட்கார்ந்திருந்தபோதுதான் மல்லிகா எழுந்தாள். ஆங்கிலத்திலும் வங்காளியிலும் மாறி மாறி, சிரிப்பும் உறுதியுமாகப் பேசினாள். தலைகள் ஆடின. முடியப்போகிறது என்ற நேரத்தில் தலைவர் மரியாதைக்கு என் பக்கம் திரும்பி, “தெற்கிலிருந்து வந்த நண்பர் ஏதாவது சொல்கிறாரா?” என்றார்.

“ஒரே ஒரு சந்தேகம்,” என்றேன். “குளத்தின் மேற்குக் கரையிலிருந்து பார்த்தீர்களா?”

மல்லிகா தன் வரைபடத்தைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு விநாடி போதுமாயிருந்தது. முகம் மாறியதைப் பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று அப்போது எனக்கே புரிந்தது.

“போய்ப் பார்த்துவிடலாமே,” என்றார் தலைவர்.

மெய்யாகவே எழுந்துவிட்டார்கள். ஒன்பது பேரும், பெஞ்சில் இருந்தவர்களும், நானும் இரண்டு வண்டிகளிலும் டாக்சிகளிலுமாக டல்ஹௌசி போய்ச் சேர்ந்தோம். கட்டடக் காவலாளி, புது மாடியின் உயரத்துக்கு அளந்து எடுத்த மூங்கில் கழியில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். மல்லிகாவே கூடப் போய், மாடி வரவேண்டிய இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துக் கொடுத்தாள். நாங்கள் மேற்குக் கரையில் வரிசையாக நின்றோம். டீக்கடைக்காரரும் வந்து நின்றார். மூங்கில் நிமிர்ந்தது. சிவப்புத் துண்டு கூரை விளிம்புக்கு மேலே, ஆகாயத்தில், பளிச்சென்று தெரிந்தது.

“நல்ல கண் உங்களுக்கு,” என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். வளைவுகளையும் ஜன்னல்களையும் பாராட்டி, மாடியை மட்டும் திருத்திக்கொண்டு அடுத்த மாதம் வரும்படி சொல்லிக் கலைந்தார்கள்.

குளக்கரையில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். மல்லிகாவின் கையெல்லாம் சுண்ணாம்பு.

“நேத்து டீ குடிக்க இங்கதான் வந்தே?”

“ஆமா.”

“அப்பவே தெரியும்?”

“தெரியும்.”

“ராத்திரி சொல்லிருந்தா உட்கார்ந்து திருத்திருப்பேன், சேகர். ரெண்டு மணி நேர வேலை.” அவ்வளவுதான் சொன்னாள். மெட்ரோவில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சுரங்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது!

புதன்கிழமை காலை எட்டரைக்குத் தொலைபேசி மணி அடித்தது. சொந்தக்காரரின் மகன். கூடத்தில் நின்று இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு அவள் பக்கத்துப் பேச்சு மட்டும் கேட்டது. “சரி... இல்லை, உங்கள் இஷ்டம்... வரைபடங்களை அனுப்பி வைக்கிறேன்.” வைத்துவிட்டு முருகேசனிடம் சொன்னாள்: “வேற ஆளப் பார்த்துக்கிறாங்களாம்.” ஒன்றரை வருஷ வேலை. முருகேசன் என்னைப் பார்க்காமல், “இன்னும் ரெண்டு இட்லி வைக்கட்டுமா சார்?” என்றார். கூட்டத்தில் நடந்ததை அவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள், திங்கட்கிழமை டீயைப் பற்றிச் சொல்லவில்லை என்று அந்தக் குரலில் தெரிந்தது. அந்த இட்லியைத் தின்று முடித்ததுதான் இந்தப் பயணத்தில் நான் செய்த கஷ்டமான காரியம்.

மதியம் இரண்டரைக்கு ரயில். வேண்டாம் என்றேன், ஆனாலும் மல்லிகா டாக்சியில் கூட வந்தாள். மைதானத்தை ஒட்டிப் போகும்போது கேட்டாள்.

“என்மேல அப்படி என்ன உனக்கு?”

பொய் சொல்லத் தெம்பில்லை. “பொறாமை,” என்றேன். “உன் பேர்மேல இல்ல. முதல்ல அதுதான்னு நெனச்சேன். அந்த ரூம்மேல. ஒரு ஜன்னலுக்கு ஒன்பது பேர் உட்கார்ந்து பேசறாங்களே, அந்த ரூம் எனக்குக் கெடைக்கலேன்னு.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அது முன்னாடியே இருந்த ரூம் இல்ல,” என்றாள். “நானும் இன்னும் அஞ்சாறு பேரும் மனு மேல மனுவா எழுதினோம். முதல் மூணு வருஷம் வராந்தாவுல பெஞ்சுல உட்கார வச்சாங்க. துளசி கைக்குழந்தை, மடியில போட்டுட்டு உட்கார்ந்திருக்கேன். உங்க ஊருல அப்படி ஒரு ரூம் வேணும்னு நீ எத்தன தடவ கேட்டே?”

ஒரு குறிப்பு எழுதினேன். ஒரு தடவை. அது திரும்பி வந்ததும் கையெழுத்துப் போட்டேன்.

நிலையத்தில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வழியில் சாப்பிட என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். “மன்னிச்சுக்கோ மல்லி,” என்றேன். “அது இன்னிக்கு முடியாது,” என்றாள். “பெறகு பாப்போம்.” ரயில் கிளம்பும்வரை நிற்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

கரக்பூர் தாண்டி ஒரு மணி நேரத்தில் வெளியே இருட்டத் தொடங்கியது. எங்கள் ஊரில் நான் நல்ல மனசோடு எழுதிய குறிப்புக்கு ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழுந்து போய்த் தூண்களைப் பார்க்கவில்லை. கல்கத்தாவிலோ, நான் கெட்ட மனசோடு சொன்ன ஒரு வார்த்தைக்கு ஒன்பது பேர் எழுந்து குளக்கரைக்கு வந்து அண்ணாந்து நின்றார்கள். அந்த ஊர்மேல் எனக்குப் பொறாமை தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அதற்கு மல்லிகாவிடம் கணக்குத் தீர்த்திருக்க வேண்டியதில்லை. பொட்டலத்தைப் பிரித்தேன். லூச்சி என்கிற வங்காளப் பூரியும் உருளைக்கிழங்கும். பசித்தது, சாப்பிட முடியவில்லை. எதிர் இருக்கைக்காரர் கேட்டார், கொடுத்துவிட்டேன்.