கொட்டிவாக்கத்துக் கடல்நீர்

படகில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். அதனால் ஆய்வுக்கான கடல்நீரை எடுத்துவரக் கொட்டிவாக்கம் குப்பத்து மீனவர் ஒருவரிடம் சொல்லியிருந்தேன். சுத்தம் செய்த பாட்டில்களை முந்தின நாளே கொடுத்துவிட்டால், கரையிலிருந்து நான் சொன்ன தூரத்தில் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்துக் காலையில் தருவார்.

அந்த நீரிலுள்ள நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தட்டிலுள்ள சின்னஞ்சிறு குழிகளில் தனித்தனியே இட்டு, ஒற்றைச் செல்லின் மரபணுக்களைப் படிப்பது என் வேலை. ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏ மிகமிகக் கொஞ்சம். அதை லட்சக்கணக்கில் பிரதி எடுத்தால்தான் படிக்க முடியும்.

முதல் முடிவுகளில் குழிக்குக் குழி ஒரே பாக்டீரியா தலைகாட்டியது. அது நன்னீரில் வாழ்வது. என் மனம் நேராகப் பெசன்ட் நகரை ஒட்டிய அடையாற்று முகத்துவாரத்துக்குப் போயிற்று. இவர் கடலுக்குள் போகவே இல்லை, ஆறு கலக்கும் இடத்தில் மொண்டு வந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் குப்பத்துக்குப் போய், சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "அண்ணா, அன்னிக்குத் தண்ணி எங்க எடுத்தீங்க? பெசன்ட் நகர் பக்கமா?"

வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "இன்னா மேடம், எம்மேல சந்தேகமா? நாளைக்கு நீயே வந்து மொண்டுக்க."

போனேன். மூன்று முறை வாந்தி எடுத்தேன். எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்து, "மோந்துகினே இரு" என்றார். பாட்டிலைக் கயிற்றில் இறக்கி நானே நிரப்பினேன்.

அதிலும் அதே பாக்டீரியா. அப்போதும் என் சந்தேகம் தீரவில்லை. ஆற்றுநீர் பரவும் பக்கமாகப் பார்த்து அழைத்துப் போயிருப்பாரோ?

எதிர் மேசையில் வேலை செய்யும் தோழிதான் கேட்டாள். "காலிக் குழிங்களப் பாத்தியா?"

செல் எதுவும் இடாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விடும் குழிகள் அவை. அவற்றின் முடிவுகளும் கணினியில்தான் கிடந்தன. குற்றவாளி யாரென்று முன்பே தீர்மானித்துவிட்டதால் நான் திறந்து பார்க்கவில்லை. திறந்தேன். அங்கும் அதே பாக்டீரியா. பரிசோதனைக் கலவைகளுக்கு நாங்கள் பயன்படுத்திய சுத்திகரித்த நீரிலேயே அது இருந்திருக்கிறது.

அன்று மாலையே போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அப்போ கிருமி உங்க எடத்துலதான் இருந்துச்சா?"

"ஆமாண்ணா."

கையிலிருந்த வலையை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, "எங்க வூட்ல சொல்லிக்கினு இருந்தேன், அந்த மேடம் என்னத் திருடனாட்டம் பாக்குதுன்னு" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இப்போதும் அவர்தான் நீர் எடுத்துத் தருகிறார். ஆனால் ஒவ்வொரு முறையும் பாட்டிலை நிரப்புவதைப் போனில் வீடியோ எடுத்து அனுப்பிவிடுகிறார். வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், கேட்பதில்லை. நானும் ஒவ்வொரு வீடியோவையும் கடைசிவரை பார்க்கிறேன், பின்னால் எங்காவது கரை தெரிகிறதா என்று.